காரின் செவுள்



ஆற்றிலோ குளத்திலோ பிடித்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், அதன் தலைக்குப் பின்னால் இருபுறமும் பிறை வடிவில் ஒரு பிளவு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் உள்ளே இருப்பதே செவுள். மீன் வாய் வழியாக நீரை உள்ளே வாங்குகிறது. அந்நீர் செவுள்களைத் தழுவிச் செல்லும்போது தன்னிடத்திலுள்ள உயிர்வளியை மீனுக்குக் கொடுத்துவிட்டு, செவுள்மூடியின் ஓரமாக வெளியேறுகிறது. வாய் திறந்திருந்தும் செவுள் வழி அடைபட்டுப்போனால் மீன் பிழைக்காது. உள்ளே வருவதற்கு ஒரு வழி வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, வெளியே போவதற்கு ஒரு வழி வேண்டும் என்பதும் அவ்வளவு உண்மை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே மீனிலிருந்து தொடங்கினேன். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மீன் அன்று, மோட்டார் கார். காருக்கும் வாய் உண்டு. சில கார்களுக்குச் செவுளும் உண்டு. அச்செவுளைப் பற்றி என் பழைய மாணவர் ஒருவர் கேட்ட ஐயமும், அதற்கு நான் கூறிய விடையும், அவ்விடை பட்ட பாடும் உங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

நான் பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்து, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்ற அம்மாணவர் இப்பொழுது ஜெர்மனி நாட்டில் மியூனிக் நகரில் பணிபுரிகிறார். அங்கே அவர் ஒரு ரோட்ஸ்டர் வாங்கியிருக்கிறார். ரோட்ஸ்டர் என்பது இருவர் மட்டுமே அமரக்கூடிய, மேற்கூரையை மடக்கிவிட்டு வானத்தைப் பார்த்தவாறே செல்லக்கூடிய, தாழ்ந்த உருவமுடைய விளையாட்டுக் கார். அவருடையது அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட வண்டி. அதில் எக்குறையும் இல்லை. எனினும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது, அங்கே 507 என்னும் பழைய ரோட்ஸ்டரைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். அதன் முன்சக்கரத்துக்குப் பின்னால், விலாப்புறத்தில், ஒரு காற்றுவாய் இருந்தது. குறுக்கே உலோகக் கம்பிகள் ஓட, நடுவே நிறுவனத்தின் வட்டச் சின்னம் பொருத்தப்பட்டிருந்தது. "ஐயா, அதைப் போல என் வண்டியிலும் வைக்க விரும்புகிறேன். மேலே ஒட்டிக்கொள்ளும் அணிகள் கடைகளில் கிடைக்கின்றன. தகட்டை உண்மையாகவே வெட்டித் திறக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். வெட்டினால் எஞ்சினும் குளிரும் என்கிறார்கள். ஒட்டலாமா, வெட்டலாமா? வெட்டுவதாயின் எந்த இடத்தில் வெட்டுவது?" என்று எனக்கு எழுதியிருந்தார்.

அவர் கண்ட காரைப் பற்றி முதலில் சிறிது கூறுகிறேன். 507 என்னும் ரோட்ஸ்டரை உருவமைத்தவர் ஆல்பிரெக்ட் கெர்ட்ஸ் என்பவர். 1955ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அலுமினியத் தகட்டாலான உடலும், எட்டு உருளைகளும் 3.2 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சினும் உடையது அது. 1956 முதல் 1959 வரை சுமார் 250 வண்டிகளே செய்யப்பட்டன. விலை மிக அதிகமாகிவிட்டமையால் வாங்குவோர் குறைந்தனர். செய்த நிறுவனத்துக்கும் பெருநட்டம் நேர்ந்தது. வாணிகத்தில் தோற்ற அந்த வண்டி அழகில் தோற்கவில்லை. 1995இல் வெளிவந்த இஸட்-3 என்னும் ரோட்ஸ்டரிலும், 2000 முதல் 2003 வரை செய்யப்பட்ட இஸட்-8 என்னும் ரோட்ஸ்டரிலும் அந்த விலாக் காற்றுவாய் மீண்டும் தோன்றிற்று. பழைய அழகை நாடுவதில் என் மாணவர் தனித்தவர் அல்லர் என்பது இதனால் விளங்கும். ஜெர்மானியர் இவ்வகைக் காற்றுவாய்களைக் 'கீமன்' என்று வழங்குவர். மீனின் செவுள் என்பதே அச்சொல்லின் பொருள்.

அக்காலத்துக் கார்களில் இச்செவுள்கள் எதற்காக அமைந்தன? 1954இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் வெளியிட்ட 300 எஸ்.எல். என்னும் காரின் இரு விலாக்களிலும் இத்தகைய வாய்கள் உண்டு. எஞ்சின் அறையில் தேங்கும் வெப்பக் காற்றை வெளியேற்றுவதே அவற்றின் பணி. 1962இல் அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்பவர், ஆங்கில நாட்டு ஏ.சி. நிறுவனத்தின் சிறிய ரோட்ஸ்டரில் பெரிய ஃபோர்டு எஞ்சினைப் பொருத்திக் கோப்ரா என்னும் காரை உருவாக்கினார். தொடக்கத்தில் வந்த வண்டிகளில் விலாச் செவுள் இல்லை. வெப்பம் தாங்காமல் பின்னர் வந்த வண்டிகளில் அதனை வைத்தார்கள். தேவை முன்னே வந்தது; துளை பின்னே வந்தது. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அவ்வடிவம் தேவையின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதை மறவாதீர்கள்.

இனி அத்தேவையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெட்ரோலை எரித்து எஞ்சின் பெறும் ஆற்றலில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. எஞ்சின் 30 கிலோவாட் வேலை செய்யும் நேரத்தில், ரேடியேட்டரும் ஏறத்தாழ 30 கிலோவாட் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கொள்வோம். அஃதாவது, வீட்டில் பயன்படும் 1000 வாட் மின்னடுப்புகள் முப்பதை ஒருங்கே ஏற்றி வைத்தால் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு வெப்பம். அதனை ஏற்கும் காற்று 40 பாகை சென்டிகிரேடு சூடேறலாம் என்றால், வினாடிக்குச் சுமார் 600 லிட்டர் காற்று தேவை. ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வினாடியும் நாற்பது குடம் காற்று காரின் வாய் வழியே உள்ளே புக வேண்டும். புகுந்த காற்று சூடேறிப் பெருகுகிறது. ஆதலின் வெளியேறும்போது அது நாற்பத்தைந்து குடமாகிவிடுகிறது. அது போக வழி எங்கே? பெரும்பாலான கார்களில் அக்காற்று எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வண்டியின் அடிப்புறமாகவும் சக்கர அறைகள் வழியாகவும் வெளியேறுகிறது. அவ்வழி போதாதபோது காற்று எஞ்சின் அறையிலேயே நெருங்கி நிற்கும். அவ்வாறு நெருங்கும் காற்று பானெட்டின் அடிப்பக்கத்தை மேல்நோக்கித் தள்ளும். உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு 10 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தமே என்றாலும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது 10 கிலோ எடைக்கு நிகரான விசையாகும். விரைந்து செல்லும் இலகுவான காரின் முன்சக்கரங்கள் தரையைப் பற்றும் பிடியில் அவ்வளவு குறைந்துவிடும். எனவே செவுள் வெப்பத்துக்கு வழிவிடுவதோடு வண்டியின் நிலைப்புக்கும் துணைசெய்யக்கூடும்.

இவற்றையெல்லாம் நான் அறிவேன். ஆகவே மாணவருக்கு அன்று மாலையே விடை எழுதிவிட்டேன். "தம்பி, விலாவில் வேண்டாம். பானெட்டின் பின்கோடியில், முன்கண்ணாடிக்கு அருகில், வரிசையாகச் சில துளைகள் அமைத்துக்கொள்க. வெப்பக் காற்று மேலெழும் இயல்புடையது. மேலும், கார் ஓடும்போது பானெட்டின் மீது காற்று விரைந்து செல்லும். விரைவு மிகும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலியின் விதி. ஆதலால் உள்ளிருக்கும் காற்று தானே வெளியே இழுக்கப்படும்" என்று எழுதினேன். எழுதி முடித்தபோது, மீண்டும் வகுப்பறையில் நிற்பது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. பெர்னூலி தம் நூலை வெளியிட்டது 1738ஆம் ஆண்டில் என்பதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

நல்லவேளையாக, அவர் உடனே தகட்டை வெட்டவில்லை. பள்ளியில் நான் அவருக்குக் கற்பித்தவற்றுள், "செய்து பார்க்காததை நம்பாதே" என்பதும் ஒன்று. அதனை அவர் என்னிடமே கையாண்டார்.

பானெட்டின் பின்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இயல்பாகவே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியின் ஓரமாக அவர் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டினார். கைபேசியை உள்ளே பொருத்தி, வண்டி ஓடும்போது அந்நூல்கள் என்ன செய்கின்றன என்று படம்பிடித்தார். நூல்கள் வெளியே நோக்கிப் பறக்க வேண்டும் என்பது என் விடை. அவை உள்நோக்கி வளைந்து இடைவெளிக்குள் புகுந்தன.

அடுத்து அவர் இன்னொரு சோதனையும் செய்தார். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள U வடிவக் குழாய் அழுத்தமானியை நீங்கள் அறிவீர்கள். மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை அவ்வடிவில் வளைத்து, அதில் வண்ணம் கலந்த நீரை நிரப்பினார். ஒரு முனையிலிருந்து நீண்ட குழாயைக் கொண்டுசென்று எஞ்சின் அறைக்குள் வைத்தார். மறுமுனையின் குழாயை, துளை வெட்டக் கருதிய இடத்தில் தகட்டின்மேல் படிய ஒட்டினார். வெளியே அழுத்தம் குறைவாக இருந்தால், வெளிப்புறக் குழாயோடு இணைந்த கிளையில் நீர் உயரும்; அங்கே துளையிட்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். எதிர்க் கிளையில் நீர் உயர்ந்தால், வெளிக்காற்று உள்ளே புகும். நண்பர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, நீர்மட்டத்தைப் பார்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். வண்டி ஓட்டுபவர் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கலாகாது அன்றோ? கண்ணாடியின் அடியில் ஒட்டியபோது நீர் எதிர்க் கிளையில் உயர்ந்தது. என் விடை தவறு என்பதற்கு இரண்டாவது சாட்சியும் கிடைத்துவிட்டது.

தவறு எங்கே நேர்ந்தது? பெர்னூலியின் விதி தவறன்று. நான் அதனைப் பொருத்திய இடமே தவறு. ஓடும் காரின் மீது காற்று எல்லா இடங்களிலும் ஒரே விரைவில் செல்வதில்லை. காரின் நேர்முகப்பில் மோதும் காற்று அங்கே தடைபட்டு நிற்கிறது. நின்ற இடத்தில் அழுத்தம் மிகுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில், அம்மிகுதி சுமார் 47 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். 50 கிலோமீட்டர் விரைவில், அதில் நான்கில் ஒரு பங்காகிய 12 மில்லிமீட்டர் மட்டுமே. விரைவு இருமடங்கானால் அழுத்தம் நான்மடங்காகும் என்னும் விதியை இங்கே காணலாம். முகப்பைக் கடந்து பானெட்டின் முன்விளிம்பில் வளைந்து ஏறும் காற்று விரைவு பெறுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அக்காற்று பின்னோக்கிச் சென்று, சாய்ந்து நிற்கும் முன்கண்ணாடியைச் சந்திக்கிறது. கண்ணாடி ஓர் அணைபோல் தடுப்பதால் காற்று மீண்டும் தயங்குகிறது. அவ்விடத்தில் அழுத்தம் மீண்டும் உயர்கிறது. நான் துளையிடச் சொன்னது சரியாக அந்த இடத்தில்!

காரின் உள்ளே அமர்ந்திருப்போருக்குப் புதுக்காற்றை எடுக்கும் வாய் பெரும்பாலான கார்களில் கண்ணாடியின் அடியில்தான் இருக்கிறது. இதனை நான் எத்தனையோ முறை கண்டிருந்தும் காரணத்தைச் சிந்திக்கவில்லை. 1970ஆம் ஆண்டு வெளிவந்த செவர்லே நிறுவனத்தின் செவெல் கார்கள் சிலவற்றில், பானெட்டின்மேல் ஒரு திமில் இருந்தது. அதன் வாய் பின்புறமாகக் கண்ணாடியை நோக்கித் திறக்கும். வெளியேற்றும் வாய் என்றே எவரும் எண்ணுவர். அதுவோ எஞ்சினுக்குக் காற்றை உள்ளிழுக்கும் வாய்! கண்ணாடியடியில் அழுத்தம் மிகுதி என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு அமைத்தார்கள்.

"வெப்பக் காற்று மேலெழும்" என்று நான் கூறிய காரணமும் ஆராயத்தக்கது. நின்றுகொண்டிருக்கும் காரில் அது உண்மை. நம் வீட்டு அடுப்பங்கரையில் புகை கூரைவழியே வெளியேறுவதும் அதனால்தான். ஆனால் அவ்விசையின் அளவு என்ன? சுற்றுப்புறத்தைவிட 40 பாகை சூடான காற்று அரை மீட்டர் உயரம் நின்றால், அது தரும் அழுத்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் நீரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும் காரின்மேல் பத்துக்கணக்கான மில்லிமீட்டர் வேறுபாடுகள் ஆட்சி செய்யும்போது, இச்சிறு விசை எம்மூலைக்கு? காரணம் பொய்யன்று, அளவில் அற்பமானது. அளவிடாமல் கூறும் காரணம் நம்மை எவ்வளவு எளிதில் ஏமாற்றிவிடுகிறது பாருங்கள்.

இச்செய்திகளைக் கண்டவுடன் நான் மாணவருக்கு மறுவிடை எழுதினேன். "நான் கூறியது தவறு, நீங்கள் கண்டதே உண்மை" என்னும் இரு வாக்கியங்களை முதலில் எழுதிவிட்டே பிறவற்றை எழுதினேன். அவற்றை எழுதச் சிறிது நேரம் பிடித்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஆசிரியப் பணியில் வெள்ளைமுடி எய்தியவனுக்கு அது எளிதன்று. ஆனால் அவர் என் சொல்லை நம்பித் தகட்டை வெட்டியிருந்தால், வெப்பம் வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டர் வழியே வரும் காற்றின் போக்கைத் தடுத்திருக்கும். மழைநீரும் எஞ்சின்மேல் வடிந்திருக்கும். அதை நினைத்தபோது, அவ்விரு வாக்கியங்களும் மலிவான விலையே என்று தோன்றிற்று.

பிறகு விலாப்புறத்தின் முறை வந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின்மேல் குழாயை ஒட்டிச் சோதித்தார். இம்முறை வெளிக்கிளையில் நீர் உயர்ந்தது. அங்கே அழுத்தம் குறைவு. சக்கரத்தின் வளைவைக் கடந்து வரும் காற்று தகட்டை ஒட்டாமல் விலகி ஓடுவதால், அவ்விடத்தில் உறிஞ்சும் தன்மை உண்டாகிறது. 300 எஸ்.எல். காரைச் செய்தவர்களும் கோப்ராவைச் செய்தவர்களும் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தது வெறும் அழகுக்காக அன்று என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் அங்கே வெட்டிவிடலாமா? அதற்குமுன் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். இக்காலக் கார்களில், சக்கரம் வாரியிறைக்கும் சேறும் கல்லும் படாதிருக்க, மட்கார்டின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை பொருத்தப்பட்டிருக்கும். அவ்வுறைக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். எஞ்சின் அறைக்கும் அவ்வெற்றிடத்துக்கும் வழியே இல்லை. பழைய கார்களில் விலாத் துளையின் மறுபக்கம் எஞ்சின் அறை இருந்தது. இவருடைய புதிய காரில் அதே இடத்தில் துளையிட்டால், அது அடைத்த அறையின் சாளரமாகவே இருக்கும். பயன்தர வேண்டுமானால் உட்சுவரையும் திறக்க வேண்டும். சேறும் நீரும் எஞ்சினை அடையாதபடி வேறு தடுப்பு அமைக்க வேண்டும். வெட்டிய எஃகு விளிம்பைத் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடு அது. வெட்டுவாயில் உப்புநீர் பட்டால் எஃகு என்னாகும் என்பதை வேதியியல் பயில்வோர் அறிவர். உடலமைப்பை மாற்றிய வண்டியை அந்நாட்டுச் சோதகர்கள் பார்த்து ஒப்பவேண்டிய நிலையும் வரலாம். இத்தனையும் செய்து பெறும் பயன் என்ன? அவருடைய எஞ்சின் ஏற்கெனவே தன் வெப்பத்தைச் செவ்வனே ஆற்றிக்கொள்கிறது. தேவைப்படும்போது மின்விசிறி தானே சுழல்கிறது. இல்லாத நோய்க்கு அறுவை மருத்துவம் எதற்கு?

எனவே ஒட்டுவதா, வெட்டுவதா என்னும் வினாவுக்கு, "வெட்ட வேண்டா" என்னும் விடை கிடைத்துவிட்டது. ஒட்டுவது தகுமா என்னும் வினா எஞ்சி நின்றது. காற்றுப் புகாத காற்றுவாய் ஒரு பொய் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1949ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த பியூக் கார்களின் முன்பக்க விலாவில் வட்டத் துளைகள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றின் கருத்தைத் தந்தவர் நெட் நிக்கல்ஸ் என்னும் உருவமைப்பாளர். அவர் முதலில் தம் சொந்தக் காரில் அத்துளைகளை அமைத்து, அவற்றினுள்ளே விளக்குகளைப் பொருத்தி, எஞ்சினின் துடிப்புக்கு ஏற்ப அவை ஒளிரச் செய்தாராம். பெரிய எஞ்சினுடைய ரோட்மாஸ்டர் வகைக்கு நான்கு துளை, மற்றவற்றுக்கு மூன்று துளை என்று வகுத்தார்கள். விரைவில் துளைகள் அடைபட்டு அணிகளாகவே நின்றன. அயலார் வண்டியின் தகுதியை எண்ணிப் பார்ப்பதற்கு அவை பயன்பட்டன. நான் முன்பு கூறிய இஸட்-8 காரிலோ, விலாச் செவுளுக்குள்ளே திருப்பத்தை அறிவிக்கும் விளக்கை மறைத்து வைத்தார்கள். பழைய உறுப்புக்குப் புதிய பணி ஒன்று கிடைத்தது.

நம் முன்னோர் சாளரத்தைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழி என்பதே அப்பெயரின் பொருள். மானின் கண்ணைப் போன்ற காலதர்கள் புகார் நகரத்து மாளிகைகளில் இருந்தமையைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். பணியும் வேண்டும், அழகும் வேண்டும் என்று கருதியவர்கள் அவர்கள். அழகை நான் இகழவில்லை. ஆனால் காற்று போகாத ஒன்றைக் காட்டி, "இதனால் எஞ்சின் குளிர்கிறது" என்று கூறினால் அது பொய். "இஃது அழகுக்காக வைத்தது, பழைய 507 காரின் நினைவாக வைத்தது" என்று கூறினால் அதில் பொய் இல்லை. என் மாணவர் அவ்வழியையே தேர்ந்தார். தகட்டில் கீறல் படாமல் ஓர் அணியை ஒட்டிக்கொண்டார். பார்ப்பவர்கள் கேட்டால், "இது காலதர் அன்று, காலதரின் ஓவியம்" என்று கூறுவதாக எழுதியிருந்தார்.

அக்கடிதத்தைப் படித்தபோது எனக்கு என் முதல் விடையே நினைவுக்கு வந்தது. அதில் விதி இருந்தது, அறிஞர் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். ஆயினும் அதன் வழியே காற்றுப் போகவில்லை. அதுவும் ஓர் ஒட்டுச் செவுளே. என் மாணவரின் அணியாவது தன்னை அணி என்று சொல்லிக்கொண்டது. என் விடையோ உண்மைச் செவுள் என்று சொல்லிக்கொண்டு வந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை மாணவரிடம் இத்தகைய விடைகளைக் கூறியிருப்பேனோ என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. அதனாலேயே இதனை உங்களிடம் கூற முன்வந்தேன்.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்றைக் கூறி முடிக்கிறேன். காலணி வாங்கும்போது கிடைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய முகத்தில் ஒரு துளையும், நீண்ட பக்கத்தில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், மற்றொரு துளையும் இடுங்கள். மேசை விசிறியின் எதிரே குறுகிய முகம் காற்றைப் பார்க்குமாறு பெட்டியை நிறுத்துங்கள். பக்கத் துளையின் விளிம்பில் மெல்லிய நூல் ஒன்றை ஒட்டுங்கள். நூல் எத்திசையில் பறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்துளையைக் காகிதத்தால் அடைத்து, அக்காகிதத்தின்மேல் கரிய மையால் ஒரு துளையை அழகாக வரையுங்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர் அதனைத் துளை என்றே எண்ணுவர். இப்பொழுது நூல் என்ன செய்கிறது என்று பாருங்கள். துளையின் இடத்தை மாற்றி மாற்றிச் சோதியுங்கள். பார்ப்பதற்குமுன் என்ன நிகழும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதும் நூல் காட்டுவதும் மாறுபட்டால், நூலின் பக்கம் நில்லுங்கள். உங்கள் ஆசிரியர் கூறியதோடு மாறுபட்டாலும், நூலை எடுத்துக்கொண்டு அவரிடமே செல்லுங்கள். நல்லாசிரியர் அதற்காக மகிழ்வாரே அன்றி வருந்தமாட்டார்.